காற்று வால்வில் ஒரு செங்கல் துண்டு

அவர் ‘முடியாது’ என்று சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் மட்டுமல்ல, புனேக்குப் பக்கத்தில், சாக்கனில், நான் வேலை பார்த்த ஃபோர்ஜிங் கம்பெனியில் யாருமே கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ஆமா மேடம், அப்படியே செஞ்சிருவோம்” என்பார். மராட்டிக்காரர்களிடம் “ஹோ, கரூன் டாகூ.” இந்தி பேசுகிற ஆடிட்டர் வந்தால் “ஹோ ஜாயேகா சாப்.” மூன்று மொழியிலும் ஒரே ஆமாம்தான். முதல் வாரம், இப்படி ஒரு தங்கமான மனிதரா என்று நினைத்தேன். இரண்டாவது மாதம், இப்படி ஒரு கல்லுளிமங்கனா என்று நினைத்தேன். இன்றைக்கு என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. புனேயில் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்துவிட்டால் அவர் ‘அண்ணா’தான். இருபது வயதுப் பையனும் அண்ணா, ஓய்வு பெறப்போகிற கிழவரும் அண்ணா. உலையை ஓட்டுகிற எங்கள் ஃபர்னஸ் அண்ணாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கோர்படியில் வீடு. மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவ வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். நான் ஔந்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். அந்த ஷெட்டில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒளிவுமறைவு இருக்காது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அது என்ன கணக்கோ தெரியவில்லை.

உலை ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். இரும்புத் துண்டுகளை உள்ளே அடுக்கி, கேஸ் பர்னர்களால் பழுக்கக் காய்ச்சி, வெளியே இழுத்து ஹாமரில் அடித்து வண்டிகளுக்குப் பாகம் செய்வார்கள். கேஸ் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். காற்று கூடினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த உபரிக் காற்றையும் வேலை மெனக்கெட்டுச் சூடாக்கிச் சிம்னி வழியாக ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்போம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆபரேட்டர்கள் காற்றைத் தாராளமாகத்தான் திறந்துவைப்பார்கள். புனே வானத்தைச் சூடாக்கவா நாம் சம்பளம் வாங்குகிறோம் என்று மீட்டிங்கில் கேட்டு நல்ல பெயர் வாங்கியவள் நான்.

நான் செய்த ஏற்பாடு எளிமையானது. சிம்னியில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார். புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் காற்று அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். உடனே கன்ட்ரோலர் காற்று வால்வைக் கொஞ்சம் மூடும். ஆக்ஸிஜன் குறைந்தால் திறக்கும். மனிதக் கை படவே வேண்டாம். அண்ணாவுக்கு அரை நாள் உட்கார்ந்து விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஆமா மேடம்” வந்தது. சோதனை ஓட்டங்கள் அழகாகப் போயின. கேஸ் மீட்டர் சுற்றும் வேகம் குறைந்ததை பிளாண்ட் ஹெட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பண்டிகைக்கு எடுத்த புடவையை அடுத்த நாள் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போனேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து கிராஃபைப் பார்த்தால், காற்று வால்வின் கோடு கீழே இறங்கி வந்து ஓர் இடத்தில் யாரோ கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாக நிற்கிறது. தினமும் அதே உயரத்தில்தான். கன்ட்ரோலர் இன்னும் மூடு, இன்னும் மூடு என்கிறது, வால்வு நகரவில்லை. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். வால்வின் கைப்பிடிக்குக் கீழே, அது இறங்க முடியாதபடி, உலைச் செங்கல் துண்டு ஒன்றைச் சீவி ஆப்பு மாதிரி செருகியிருந்தது.

“இது என்ன அண்ணா?”

“கல்லு மேடம்.”

“யாரு வச்சது?”

தலை சாய்ந்தது. “எடுத்திருவோம் மேடம்.”

“இத வச்சா கேஸ் வீணாகும்ல?”

“ஆமா மேடம், வீணாகும்.”

“அப்ப வைக்கக் கூடாதுல்ல?”

“வைக்கவே கூடாது மேடம்.”

அவரே ஏறி எடுத்தார். மறுநாள் ஒரு கல் இருந்தது, முந்தையதைவிடக் கொஞ்சம் சின்னதாக. என்னோடு பேரம் பேசுகிறாரா என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன், எடுத்தார். மூன்றாம் நாள் இன்னும் சின்னது. நான்காம் நாள் மறுபடி பழைய அளவு. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். முகம் முழுக்க ஆமாம் என்று சொல்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? என்னை முட்டாள் ஆக்குகிறார் என்றுதான் பட்டது. போட்டோ எடுத்து பிளாண்ட் ஹெட்டுக்கு மெயில் அனுப்பினேன். ‘வேண்டுமென்றே செய்யப்படும் இடையூறு’ என்று எழுதினேன். அந்தச் சொற்கள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

அவரை டிஸ்பாட்ச் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கும் “ஹோ, கரூன் டாகூ” என்றுதான் சொன்னாராம். பெட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் பழையபடி வணக்கம் வைப்பார், ஔந்தில் மழை எப்படி என்று கேட்பார். வன்மம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கல் போய்விட்டது. கிராஃபில் கோடு வழவழவென்று இறங்கியது. கேஸ் இன்னும் மிச்சமானது.

மூன்று வாரம் கழித்து, ஜூலை மாதம், சந்தோஷ் விழுந்தான். அதே ஷெட்டில் உதவியாளாக இருந்து அண்ணாவின் இடத்துக்கு வந்த ஆபரேட்டர். கழுத்தில் துளசிமாலை போட்டு வருடா வருடம் பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற, கறிமீன் தொடாத சாது. மதியம் சாப்பிட்டுவிட்டு உலைக்குப் பக்கத்தில் வந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டான். சாரல் அடிக்கிறது என்று ஷெட்டின் பக்கவாட்டு ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். நல்லவேளை, பார்த்தவர்கள் உடனே வெளியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து இரண்டு நாளில் அனுப்பினார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தது. பிழைத்துக்கொண்டான்.

அப்புறம்தான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோருக்கும் தலைவலி வருமாம். “அசிடிட்டி மேடம்” என்றார்கள். ஒருவர் கேன்டீன் எண்ணெய் மேல் பழி போட்டார். சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது, கேன்டீன் எண்ணெய் எங்கே வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. என் சென்சாரைப் பார்த்தால் புகையில் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறபோது கேஸ் எப்படி அரைகுறையாக எரியும்? நான் படித்த படிப்பில் அதற்கு இடமே இல்லை. சென்சாரை மாற்றினேன். மாற்றிய சென்சாரும் அதையே காட்டியது.

ஒரு நாள் முழுக்க உலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் கம்ப்ரெசர் ரூமுக்குள் போய்க் கண்ணாடி வழியாகத் திருடிபோலப் பார்த்தேன். பதினோரு மணிக்கு மேல் ஒருவர் வந்தார். உலைக் கதவை நான்கு விரல் அளவுக்குத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். பாக்ரி ரொட்டியும் பாஜிக் கறியுமாகப் பதினைந்து டப்பாக்கள் உலை வாசலில் வரிசை கட்டி நின்று சாப்பாட்டு நேரம் வரை சூடாகிக்கொண்டிருந்தன.

அந்த நான்கு விரல் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. அது பர்னர் பக்கமே போகாமல் நேராகச் சிம்னிக்கு ஏறுகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, அடடா, ஆக்ஸிஜன் நிறைய இருக்கிறதே என்று வால்வை மூடுகிறது. பர்னர்களுக்குக் காற்றே இல்லை. டப்பா சூடாகிற அந்த ஒன்றரை மணி நேரமும் விஷம் உண்டாகி, உலையின் மற்ற இடுக்குகளில் கசிந்து, ஷெட்டில் நிரம்புகிறது. இதைச் செய்தது என்னுடைய கன்ட்ரோலர்தான், நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு தப்பும் இல்லாமல்.

“ஏன் இத எங்கிட்ட சொல்லல?” என்று இந்தியில் கத்தினேன். அவர்கள் நிஜமாகவே திகைத்துப்போனார்கள். இது உலை சம்பந்தப்பட்ட விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை, சாப்பாட்டு விஷயம். மேடம் வருகிறார் என்றால் மரியாதைக்காக டப்பாவை எடுத்துக் கதவை மூடிவிடுவார்களாம். என் சோதனை ஓட்டங்களெல்லாம் அப்படி மூடிய கதவோடுதான் நடந்திருக்கின்றன. மரியாதை ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தது.

“அண்ணாவும் இங்கதான் வைப்பாரா?”

“வைப்பாரே. கடைசில, கொஞ்சம் தள்ளி. அவர் டப்பால மீன் இருக்கும்.” வேலைக்குத் திரும்பியிருந்த சந்தோஷ் சொன்னான். மீன் கொண்டுவராதீர்கள் என்று அவன் ஒரு தடவை கேட்டுக்கொண்டானாம். அண்ணா “ஹோ” என்றாராம். அடுத்த நாளிலிருந்து மீனைச் சோற்றுக்கு அடியில் புதைத்துக் கொண்டுவந்தாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் வஞ்சிர மீனை மறைத்தார்.

ஆக, கதவு திறந்திருப்பது அவருக்குத் தெரியும். வால்வு அளவுக்கு மீறி மூடாதபடி கல் வைத்தவரும் அவர். இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் செய்தாரா? அல்லது என் மெஷின் மேல் இருந்த வெறும் அவநம்பிக்கையா? அந்த ஞாயிற்றுக்கிழமை கோர்படிக்குப் போனேன்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். “வாங்க மேடம், உள்ள வாங்க. அவுக சர்ச்சுல இருக்காக, இப்ப வந்திருவாக. சாய் போடட்டா, காப்பியா?” ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டே, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“கல்யாணமாகி வந்ததுலேந்து இப்படித்தான். போன வருஷம் சர்ச்சுல பழைய மர பெஞ்செல்லாம் வித்துட்டு பிளாஸ்டிக் சேர் போடணும்னு கமிட்டில பேசுனாக. இவுகளும் கைய தூக்குனாக. டெம்போ வந்து பாத்தா, கடைசி ரெண்டு பெஞ்சு மட்டும் தரையோட சேத்து ஸ்க்ரூ அடிச்சிருக்கு. வயசானவுக சாஞ்சு உக்காருத பெஞ்சு. யாரு அடிச்சான்னு யாரும் கேக்கல, எல்லாத்துக்கும் தெரியும்லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“எங்க பிள்ளைக்கு இவுக அண்ணன் மாப்பிள்ளை பாத்தாக. இவுக சரின்னு தலையாட்டிட்டாக. மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு பாக்க வரவேண்டிய வாரம், பிள்ளைய நாக்பூர்ல நர்சிங் காலேஜ்ல கொண்டு சேத்துட்டு வந்து நிக்காக. எனக்கும் அந்த மாப்பிள்ளைய பிடிக்கலதான். ஆனா எங்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லா? நான் யாரு?”

பால் பொங்கியது. அவர் அடுப்பைத் தணித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணா வந்தார். என்னைப் பார்த்து வழக்கமான வணக்கம். நான் சுற்றி வளைக்கவில்லை. மெயில் அனுப்பியது தப்பு என்றேன், மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம்” என்றார்.

“மத்தியானத் தலைவலி காத்து குறையறதாலதான்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியும் மேடம்.”

“கதவு இடுக்குல போற காத்து சென்சார ஏமாத்துதுன்னு?”

“ஆமா மேடம்.”

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “சிம்னிக்கு பெயின்ட் அடிச்சதுலயும் கோளாறுன்னு சொல்றாங்களே?” என்றேன். அந்த நிமிஷம் நானே இட்டுக்கட்டியது அது.

“ஆமா மேடம், அதுவும் உண்டு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேனேண்ணா. சந்தோஷ் விழுந்திருக்க மாட்டானே.”

மனைவிதான் கேட்டார், குத்தலாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல: “கேட்டிருப்பீங்களா மேடம்?”

நாலு கல் வைத்து அவர் சொன்னதைத்தான் நான் நாலு நாளும் எடுக்கவைத்தேன். வார்த்தையாக வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? ஆனால் வார்த்தை என்று ஒன்று வந்திருந்தால் ஒருவேளை… அங்கிருந்து நகர என் மனது இன்றைக்கும் மறுக்கிறது. யார் மேல் தப்பு என்று ஒரு நாள் ஒரு தீர்ப்பு, மறுநாள் இன்னொன்று.

“திரும்ப ஃபர்னஸுக்கே வந்திருங்கண்ணா. பிளாண்ட் ஹெட்கிட்ட சொல்லிட்டேன்.”

“வந்திருவோம் மேடம்.”

வந்தும்விட்டார். அதற்குள் நான் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தேன். சென்சாரை இடம் மாற்றினேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்தேன். கதவு திறந்தால் வால்வு மூடாதபடி கன்ட்ரோலரை மாற்றினேன். டப்பாக்களைச் சூடாக வைக்க ஒரு மின்சாரப் பெட்டி வாங்கி வைத்தோம். தலைவலி நின்றது, கேஸும் ஓரளவு மிச்சமானது. அண்ணா ஸ்க்ரீனுக்கு முன்னால் உட்கார்ந்து அது சொல்கிறபடியெல்லாம் செய்தார். தினமும் காலையில் நான் ஏணியில் ஏறி வால்வைப் பார்ப்பேன். கல் இல்லை. முதல் மாதம் அது பெருமையாக இருந்தது. என் கன்ட்ரோல் சரியாகிவிட்டது, அதனால் கல்லுக்கு வேலை இல்லை. அப்படித்தானே இருக்க வேண்டும்?

பிறகு ஒரு நாள் உலைக்குள் வெப்பத்தை அளக்கிற தெர்மோகப்பிள் கெட்டுப்போய், ஸ்க்ரீனில் சூடு குறைவாகக் காட்டியது. கன்ட்ரோலர் கேஸைக் கூட்டிக்கொண்டே போனது. உள்ளே இரும்பு வெள்ளையாகப் பழுத்து, துண்டுக்குத் துண்டு ஒட்டிக்கொண்டு, அந்த லாட் முழுக்க வீணானது. பார்வைத் துளையில் கண்ணை வைத்திருந்தால் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அண்ணா அதற்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பாக்கலயாண்ணா?”

“பாத்தேன் மேடம்.”

“பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?”

“ஸ்க்ரீன்ல கம்மியாத்தான் காட்டுச்சு மேடம்.”

அவர் குரலில் கோபமோ கேலியோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வால்வில் கல் இல்லாத ஒவ்வொரு காலையும் எனக்குப் பயமாக இருந்தது. உலை சரியாக இருப்பதால் கல் இல்லையா, அல்லது அவருக்குள் இருந்த கல் வைக்கிற ஆளை நான் தீர்த்துவிட்டதால் இல்லையா என்று எந்த மீட்டரும் எனக்குச் சொல்லாது.

அடுத்த வருடம் எனக்கு விமான் நகரில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அவர் கூடவே வந்தார். எனக்குப் பிறகு வருகிற பையன் இந்த உலையை நம்பி, இவரையும் நம்பித்தான் வேலை செய்யப்போகிறான். சந்தோஷும் மற்றவர்களும் அதே உலை வாசலில்தான் நிற்கப்போகிறார்கள்.

“அண்ணா, போறதுக்கு முன்னால கேக்கறேன். அந்த உலையில எதாவது சரியில்லாம இருக்கா? மறைக்காம சொல்லுங்க.”

“எல்லாம் நல்லா இருக்கு மேடம்.”

அவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ‘முடியாது’ என்று எப்போதும் சொன்னது அவர் கைகள்தான், அவற்றைப் பார்த்தேன். இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. பஸ் வரும்வரை அவர் அவற்றை வெளியே எடுக்கவே இல்லை.